புதன்தோறும் வரும் பரசுராமன்

"துளசிராமன் அவர்கள் ஒரு சகாப்தம்" என்று தொடங்கியது அந்தக் கட்டுரை. இரண்டாவது வரிக்குள் நுழைந்த சின்னராசுவுக்கு மூச்சு வாங்கியது. தொழில் மேதை, கொடை வள்ளல், ஏழைகளின் விடிவெள்ளி, கும்மிடிப்பூண்டியின் இரும்பு இதயம் என்று வரிக்கு நாலு பட்டம் வரிசை கட்டி நின்றன.

"இத்த யாரு சார் எழுதுனது?" என்று கேட்டான்.

"யாரோ பொதுமக்கள்," என்றார் துளசிராமன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தமிழ்செல்வி தரையைப் பார்த்தாள். அவள் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பொதுமக்கள் சார்பில் டைப் அடித்தவள் அவள்தான் என்பது, பதினைந்து வருஷம் திருவள்ளூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவிட்டு இப்போது துப்பறியும் நிறுவனம் நடத்தும் சந்திரகலாவுக்கு அவள் விரல்களைப் பார்த்ததுமே தெரிந்துபோனது. சின்னராசுவுக்குத் தெரியவில்லை. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டி, ஆட்டோ உயிரை விட்ட பிறகு சந்திரகலாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற கேஸ்களே பார்த்துப் பழகியவனுக்கு, லாரி ஆக்சில் போல்ட் செய்கிற முதலாளி எதற்குக் கூப்பிட்டார் என்பதே புரியவில்லை.

துளசிராமன் விஷயத்துக்கு வந்தார். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கடைசியில், ஒரு மாதமாக, யாரோ ஒரு வரியைச் சொருகிவிட்டுப் போகிறார்கள். வியாழக்கிழமை காலையில் பிரிண்ட் எடுத்தால் அந்த வரி இருக்கிறது. எடுக்கச் சொன்னால் தமிழ்செல்வி எடுத்துவிடுகிறாள். அடுத்த வியாழன் மறுபடியும் வந்துவிடுகிறது.

"இன்னா வரி சார்? அசிங்கமா?"

"அசிங்கம்னா கூடப் பரவால்லப்பா." துளசிராமன் ஒரு தாளை நீட்டினார்.

'இக்கம்பெனியின் முதல் லேத் மிஷினை ஓட்டியவர் பரசுராமன்.'

சின்னராசு தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலியாக இருந்தது. "இவ்ளோதானா?"

"இவ்ளோதானாவா? மொத லேத்த நான் என் கையால ராப்பகலா ஓட்டுனேன்னு விருது ஃபார்ம்ல எழுதிக் குடுத்துக்கிறேன். வட மாவட்டத் தொழில் ரத்னா. நாளன்னிக்கு, வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டிக்காரங்க இந்தப் பக்கத்தத் தொறந்து பாக்கப் போறாங்க. அங்க எவனோ பரசுராமன் குந்தியினு இருந்தா என் மானம் இன்னாத்துக்காவுறது?"

"பரசுராமன்னு ஒருத்தர் இருந்தாரா?" என்று சந்திரகலா கேட்டாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆரம்பத்துல நாலு பேரு வருவான், போவான். இப்ப எங்க கீறானோ, யாருக்குத் தெரியும்." துளசிராமன் பேச்சை மாற்றினார். "சிஸ்டம் சர்வீஸ்காரர் பாத்துட்டாரு. பேர் போடாம திருத்துனா இன்டர்நெட் நம்பர் காட்டுமாம். அந்த நம்பர் நம்ம கம்பெனி நம்பரு. இந்தக் கம்பெனில கம்ப்யூட்டரத் தொடுறது இவ ஒருத்திதான். என் போட்டியாளுக்கு பாஸ்வேர்ட வித்துக்கிறா. நாளைக்கு லீவு, வியாழக்கிழமை இவ வரவேணாம்னு சொல்லிட்டேன். எனக்கு ருசு மட்டும் வோணும். ருசு கெடச்சா இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எந்தக் கேட்டுக்குள்ளயும் இவ காலு வெக்க முடியாது."

தமிழ்செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் பண்ணல மேடம். தேர்வாய் கண்டிகைலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன். எங்க ஊட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்." அழவில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். சின்னராசுவுக்கு அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"இந்தப் பக்கத்துல அங்கங்க 'சான்று தேவை'ன்னு போட்டிருக்கே, அது யாரு?" என்றாள் சந்திரகலா.

உண்மைதான். கொடை வள்ளலுக்குப் பக்கத்தில் ஒரு 'சான்று தேவை'. விடிவெள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரும்பு இதயத்துக்கு இரண்டு.

"அது பழவேற்காட்டுல ஒரு பொண்ணுன்னு இவதான் பாத்துச் சொன்னா. சிஃபான்னு பேரு. அந்தப் பொண்ணு ஒரு பேஜாரு, அது தனி," என்று துளசிராமன் கையை உதறினார்.

கேட்டில் வெளியே போக ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னார் வாட்ச்மேன். அறுபது வயதிருக்கும். காக்கிச் சட்டை, வலது கையில் இரண்டு விரல் இல்லை. பேர், ஊர், யாரைப் பார்க்க, என்ன காரணம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'சகாப்தம்' என்று எழுதிச் சிரித்துவிட்டு சின்னராசு வண்டியை உதைக்கப் போனான்.

சந்திரகலா நகரவில்லை. ரிஜிஸ்டருக்கு அடியில் இருந்த இன்னொரு நோட்டைக் காட்டினாள். "இது இன்னா நோட்டுண்ணே?"

"ஜெனரேட்டர் நோட்டும்மா. எப்ப போட்டேன், எப்ப நிறுத்துனேன், எவ்ளோ டீசல். மொதலாளி எழுதச் சொன்னாரு. டீசல நான் குடிச்சிடுவேன்னு அவருக்கு ஒரு பயம்."

அவள் அந்த நோட்டை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் படித்தாள், கைப்பையிலிருந்து சின்ன டைரி எடுத்துச் சுருக்கெழுத்தில் எதையோ குறித்தாள், பிறகு வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார். வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சின்னராசுவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"இன்னா மேடம், டீசல் நோட்டுல கவிதை எதுனா கீதா?"

"இருக்கு. வண்டிய எடுங்க. பொன்னேரி வழியா பழவேற்காடு."

சிஃபா முகவரியைத் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. சந்திரகலா கலைக்களஞ்சியத்திலேயே அவளுக்குச் செய்தி போட, பக்கத்து பிரவுசிங் சென்டரில் டீ ஆறுவதற்குள் பதிலும் வந்துவிட்டது: 'வாப்பா கடைக்கு வாங்க. பஜாரில் அசன் முகைதீன் கயிறு, வலைக் கடை.'

கடை முழுக்க நைலான் கயிற்றுச் சுருள்கள். அவற்றின் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் முன்னால் முக்காடு போட்ட இருபது வயசுப் பெண். தபாலில் பி.எஸ்ஸி. படிக்கிறாள். கல்லாவில் இருந்த அசன் முகைதீன் வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாயா சொல்லி அனுப்பினார்.

"நீதானாம்மா அந்த 'சான்று தேவை'?" என்றான் சின்னராசு.

"நான்தாண்ணே." சிஃபா சிரித்தாள். "புதுசா எழுத வர்றவங்களுக்கு வழி சொல்றது நான் எடுத்துக்கிட்ட வேலை. சம்பளமெல்லாம் கெடயாது. உங்க துளசிராமன் சாருக்கு இதுவரைக்கும் பதினோரு செய்தி போட்டுட்டேன். 'வாங்க, வணக்கம், உங்களப் பத்தி நீங்களே எழுதாதீங்க'ன்னு. ஒன்னையும் அவர் தொறந்து பாக்கல."

"தன்னப் பத்தித் தனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற எவனுக்கும்மா தெரியும்?"

"அதாண்ணே தொந்தரவே. தன்னைப் பத்தின்னா நல்லது மட்டும்தான் ஞாபகம் வரும். வெளியாளு யாராவது உங்களப் பத்தி ஏற்கெனவே எழுதியிருக்கணும், பேப்பர்ல, புஸ்தகத்துல. அத வெச்சி இன்னொரு வெளியாளு இங்க எழுதணும். அப்பத்தான் நிக்கும்."

சந்திரகலா தலையாட்டினாள். "மாப்பிள்ளை தங்கமான பையன்னு மாப்பிள்ளையே சொன்னா எடுபடாது. அதுக்குத்தானே நம்மள விசாரிக்க அனுப்புறாங்க."

அப்படிச் சொன்னதும் சின்னராசுவுக்கு விளங்கிவிட்டது. கூடவே ஆசையும் வந்தது. "அப்ப என்னப் பத்தி நீ ஒரு பக்கம் எழுதேன்மா. நான் உனக்கு வெளியாளுதான?"

"உங்களப் பத்தி பேப்பர்ல எதுனா வந்திருக்காண்ணே?"

"ஒருவாட்டி வந்துது. பஞ்செட்டியாண்ட ஆட்டோ கவுந்தப்ப."

"பேரு போட்டாங்களா?"

"'டிரைவர் தப்பி ஓட்டம்'னு போட்டாங்க."

கல்லாவில் இருந்த அசன் முகைதீன் சாயாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிஃபா சிரிக்காமல், "கஷ்டம்ணே," என்றாள்.

சந்திரகலா ஸ்டூலைக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்த்தினாள். "அந்தப் பக்கத்துல இதுவரைக்கும் யார் என்ன மாத்தினாங்கன்னு பாக்க முடியுமா?"

"எல்லாம் இருக்குக்கா. வரலாறுன்னு ஒரு பட்டன். இங்க எதையும் அழிக்க முடியாது, அழிச்சதும் எழுதி வெச்சிருக்கும்." சிஃபா திறந்து காட்டினாள். முதல் பதிவு அக்டோபர் எட்டு. தமிழ்செல்வி கம்பெனி பேரில் எடுத்தவை போக, அதற்குப் பிறகு பேர் போடாமல் கம்பெனி நம்பரிலிருந்து ஐந்து திருத்தம். நவம்பர் ஐந்து, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு, டிசம்பர் மூன்று. எல்லாமே காலை பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள்.

"பரசுராமன் அஞ்சுவாட்டி வந்து போய்க்கிறாரு," என்றான் சின்னராசு.

"வந்தவர் பரசுராமன் பேரைப் போட்டுட்டு சும்மா போகல, சின்னராசு. அதைக் கவனிச்சீங்களா?" சந்திரகலா திரையைக் காட்டினாள். "ஒவ்வொரு தடவையும் இந்தப் பொண்ணு போட்ட 'சான்று தேவை' அத்தனையும் துடைச்சிட்டுப் போயிருக்கார். விடிவெள்ளி பளபளன்னு இருக்கு. துளசிராமனுக்கு வேண்டாதவன் எவனாவது இப்படிப் பெருக்கி மெழுகிட்டுப் போவானா?"

சின்னராசு யோசித்தான். வீட்டுக்குள் புகுந்த திருடன் பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டுப் போனதாக அவன் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அந்த மொத பதிவு மட்டும் எனக்கு பிரிண்ட் வேணும்," என்று சந்திரகலா எழுந்தாள். "நாளைக்கு அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டே இரும்மா. மாறின நிமிஷம் சின்னராசு நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடு."

திரும்பி வரும்போது சோழவரம் ஏரிக்கரையோரம் வண்டியை நிறுத்தி அவள் தமிழ்செல்விக்கு போன் போட்டுப் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டதற்கு, "சர்க்கரைப் பொங்கலைப் பத்தி," என்றாள். மேற்கொண்டு கேட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவாளோ என்று சின்னராசு பேசாமல் வந்தான்.

மறுநாள் புதன்கிழமை. அந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் அன்றைக்கு மின்சாரம் கிடையாது. எஸ்டேட் முழுக்க ஒரு மிஷின் சத்தமும் இல்லை. துளசிராமனின் கார் மட்டும் பத்து மணிக்கு உள்ளே போனது. வாட்ச்மேன் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். நோட்டில் எழுதினார்.

சந்திரகலாவும் சின்னராசுவும் உள்ளே போனபோது அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்செல்வியின் மேஜையில் கம்ப்யூட்டர் கறுப்பாக இருந்தது. துளசிராமன் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்.

"குந்துங்க. ஒரு சின்ன வேலை, முடிச்சுடறேன்," என்றவர், மவுஸைக் கீழே கீழே உருட்டி, ஓரிடத்தில் அழுத்தினார். நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "சொல்லுங்க, ருசு கெடச்சுதா?"

சின்னராசுவின் சட்டைப்பையில் போன் ஒருதரம் அடித்து நின்றது.

எடுத்துப் பார்த்தான். சிஃபா. அவன் சந்திரகலாவைப் பார்த்தான், துளசிராமனைப் பார்த்தான், மடிக்கணினியைப் பார்த்தான். வாய் திறந்தபடியே இருந்தது.

"கெடச்சிடுச்சு சார்," என்றாள் சந்திரகலா. "ஆள் இந்த ரூம்லதான் இருக்கார்."

துளசிராமன் சின்னராசுவைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அவர் இல்ல சார். நீங்க."

"இன்னா மேடம் பேசுறீங்க? என் பக்கத்துல நானே அவன் பேர எதுக்குப் போடப் போறேன்?"

"கடைசி வரி வரைக்கும் கொஞ்சம் போய்ப் பாருங்க."

அவர் போனார். 'இக்கம்பெனியின் முதல் லேத் மிஷினை ஓட்டியவர் பரசுராமன்' அங்கே குந்தியிருந்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்.

சந்திரகலா டைரியைப் பிரித்தாள். "அஞ்சு திருத்தமும் புதன்கிழமை. புதன்கிழமை இந்தக் கம்பெனில கரண்டு கெடயாது. தமிழ்செல்வி வரமாட்டாங்க, வந்தாலும் அவங்க கம்ப்யூட்டர் எரியாது. ஜெனரேட்டர் வர்றது இந்த ரூமுக்கு மட்டும்தான். நவம்பர் அஞ்சு, ஜெனரேட்டர் பத்து இருவதுக்குப் போட்டாங்க, திருத்தம் பத்து நாப்பது. பன்னெண்டாந் தேதி, பத்தேகாலுக்குப் போட்டாங்க, திருத்தம் பத்தரை. மீதி மூணும் இதே கணக்கு. லீவு நாள்ல பொழுது போகாம உங்க பக்கத்தைத் தொறக்கறீங்க. 'சான்று தேவை'யைப் பாத்ததும் வயித்தெரிச்சல். அதைத் துடைக்கணும்னு வரலாறு பட்டன அழுத்தி, எல்லாத்துக்கும் கீழ இருக்கற மொத பதிவை எடுத்து அப்படியே திரும்பப் போட்டுடறீங்க."

"அடியில கீறதுதான சுத்தமா இருக்கும்னு..." துளசிராமன் குரல் இறங்கியது.

"சுத்தமாத்தான் இருந்துச்சு. அந்தப் பரசுராமன் வரி அதுலதான் இருக்கு. பட்டம் வந்திடுச்சான்னு மேல மட்டும் பாத்தீங்க. கீழ வரைக்கும் படிக்கல."

அவள் பிரிண்டை மேஜையில் வைத்தாள். "அக்டோபர் எட்டு. அன்னிக்கு என்ன நாள் சார்?"

துளசிராமன் பிரிண்டைத் தன் பக்கம் இழுத்துத் தேதியைப் பார்த்தார்.

"ஆயுத பூஜை. இந்தப் புதன்கிழமை கரண்டு லீவெல்லாம் அப்ப ஆரம்பிக்கல. பழைய லேத்துக்கு முதல் மாலை போட்டு, பூசணிக்கா உடைச்சு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கிட்டே நீங்க சொல்லச் சொல்லத் தமிழ்செல்வி அடிச்சாங்க. பட்டமெல்லாம் சொல்லி முடிச்சப்புறம் கடைசியா நீங்களே இந்த வரியைச் சொன்னீங்களாம். சொல்றப்ப உங்க கண்ணு கலங்கிச்சாம். ரெண்டு நாள் கழிச்சு விருது ஃபார்ம் வந்ததும் எடுக்கச் சொல்லிட்டீங்க. அவங்க இதை நேத்து வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. உங்க மரியாதை போயிடும்னு."

சின்னராசுவுக்கு ஒரு சந்தேகம், அடக்க முடியவில்லை. "அப்ப பரசுராமன் எங்கதான் கீறாரு மேடம்?"

"அவர் எங்க இருக்கார்னு யாருக்குத் தெரியும்னாரே சார்." சந்திரகலா ஜன்னலைக் காட்டினாள். "இந்த ரூமுக்கு இப்ப கரண்டு குடுத்துக்கிட்டிருக்கறவர்தான். நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கு. பரசுராமன், வாட்ச்மேன்."

சின்னராசு எட்டிப் பார்த்தான். ஜெனரேட்டர் பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் மூன்று விரலால் டீசல் கேனைத் திருகி மூடிக்கொண்டிருந்தார். மீதி இரண்டு விரல் எந்த மிஷினில் போயிருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நேற்று ரிஜிஸ்டரில் 'சகாப்தம்' என்று எழுதிச் சிரித்ததை நினைத்து அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"வெளியாளு எழுதினதுதான் செல்லும்னு அந்தப் பழவேற்காட்டுப் பொண்ணு சொல்லுது," என்றாள் சந்திரகலா. "இன்னிய தேதிக்கு உங்களப் பத்தி வேற ஒருத்தர் கைப்பட எழுதி வெச்சிருக்கறது அந்த டீசல் நோட்டு ஒன்னுதான் சார். என் ரிப்போர்ட்ல அதைத்தான் சேப்பேன். இப்ப தமிழ்செல்விக்கு போன் போடுங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன் மேடம்."

"உங்க வாயால சொல்லுங்க. இந்த ஒன்னை மட்டும் நீங்களேதான் சொல்லணும்."

கும்மிடிப்பூண்டியின் இரும்பு இதயம் மூன்று தடவை நம்பரைத் தப்பாக அழுத்தியது. நாலாவது தடவை மணி அடித்தது.

"செல்வி... நான்தாம்மா. நாளைக்கு வந்துடு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாஸ்வேர்ட யாரும் விக்கல. தப்பு என்னுது. நாந்தான் தெரியாம... என்னுதுதாம்மா."

பிறகு தமிழ்செல்வியின் குரல், போனை விட்டு வெளியே கேட்கும் அளவுக்குத் தெளிவாக வந்தது. "சார், அந்த வரிய எடுக்கணுமா?"

துளசிராமன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர் படும் பாடு முதுகில் தெரிந்தது.

"இருந்துட்டுப் போவட்டும்," என்றார். "ஆனா ஏழைகளின் விடிவெள்ளிய மட்டும் எடுத்துறாத."

கேட்டுக்கு நடக்கும்போது சின்னராசுவின் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிஃபா. 'அண்ணே, அந்தப் பரசுராமன் வரிக்கும் சான்று தேவை போட்டுட்டேன். விதி எல்லாருக்கும் ஒன்னுதான்.'

"இன்னா மேடம் இது அநியாயம்? உண்மைக்குமா சான்று கேப்பாங்க?"

"உண்மைக்குத்தான் கேப்பாங்க, சின்னராசு. பொய்க்குத்தான் கேட்டாலும் கிடைக்காதே."

பரசுராமன் ரிஜிஸ்டரை எடுத்து வைத்து, நூலில் கட்டிய பேனாவை நீட்டினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் சந்திரகலா எழுதினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"மாத்தி எழுதிக்கினீங்கம்மா. இது மொதலாளி பேர் போடற எடம். என் பேர் போட்டுக்கிறீங்க."

"சரியாத்தாண்ணே போட்டிருக்கேன். உங்களத்தான் பாக்க வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று சின்னராசு நினைத்தான். பரசுராமன் மூன்று விரலில் பேனாவைப் பிடித்து, வந்து போன எல்லாருடைய வரிக்கும் செய்வதைப்போலவே, அதற்கு எதிரேயும் நேரம் போட்டு, நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.